காரீயத் தூசியைத் தேடிச் சென்ற டாக்டர்

சிகாகோ நகரில் ஹல் ஹவுஸ் என்றொரு சேவை இல்லம். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்தியது. சுற்றிலும் இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் நெரிசலான குடியிருப்புகள். 1897-ல் அங்கே வந்து தங்கினார் ஆலிஸ் ஹாமில்டன் என்ற இருபத்தெட்டு வயது டாக்டர். மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் படித்து, ஜெர்மனியில் மேல்படிப்பும் முடித்தவர். பகலில் கல்லூரியில் பாடம் நடத்துவார். மற்ற நேரத்தில் அக்கம்பக்கத்துக் கைக்குழந்தைகளைக் கவனிப்பார். அந்த மக்களோடு பழகப் பழக, ஆண்களைத் தொழிற்சாலை என்ன பாடு படுத்துகிறது என்பது அவருக்குத் தெரிய வந்தது.

குடலை முறுக்கும் வயிற்றுவலி, தூக்க முடியாமல் தொங்கிப் போகும் மணிக்கட்டு, ஈறில் நீலக் கோடு, முற்றினால் வலிப்பு. இவை காரீய விஷத்தின் அடையாளங்கள். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.) இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. அச்சுத் தொழிலாளியாக இருந்த பெஞ்சமின் பிராங்ளினே 1786-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காரீயத்தின் தீங்குகளை விவரித்திருக்கிறார்.

1910-ல் இல்லினாய் மாநில அரசின் விசாரணையில் காரீயத் தொழில்கள் ஆலிஸின் பொறுப்புக்கு வந்தன. ஆலை வாசலில் முதலாளி சொல்வதைக் குறித்துக்கொண்டு திரும்புகிறவர் அல்ல அவர். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டினார். தொழிலாளர் வீடுகளுக்கே போய் விசாரித்தார். காரீயத்தால் ஆபத்து நேரும் வேலைகள் எழுபதுக்கும் மேல் தேறின. குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் வேலைகூட அதில் ஒன்று.

தொழிலாளி கை கழுவாமல் சாப்பிடுகிறான், அதனால்தான் நோய் என்பது முதலாளிமார் வழக்கமாகச் சொல்லும் காரணம். அவருக்கு அது பொருந்தவில்லை. கையைவிட மூச்சு வழியே உள்ளே போகும் தூசியும் புகையுமே பெரிய எமன் என்று கண்டார். சோப்பு வாங்கிக் கொடுப்பது மலிவு. தூசியை உறிஞ்சும் இயந்திரத்துக்குப் பணம் செலவாகும். நேஷனல் லெட் கம்பெனியின் உபதலைவர் எட்வர்ட் கார்னிஷ் முதலில் நம்பவில்லை, ஆதாரம் கேட்டார். நோயில் விழுந்த 22 ஆட்களின் விவரத்தோடு ஆலிஸ் திரும்பிப் போனார். கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆலைகளில் தூசியடக்கும் ஏற்பாடும் மருத்துவப் பரிசோதனையும் வந்தன. 1911-ல் மாநிலச் சட்டமும் வந்தது.

1919-ல் ஹார்வர்டு பல்கலைக் கழகம் அவரை ஆசிரியராக்கியது. அங்கே அதுவரை பெண் ஆசிரியரே கிடையாது. ஆனால் ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்து டிக்கெட்டும் கிடையாது என்று நிபந்தனைகள்! 1935-ல் ஓய்வு பெறும்போதும் அதே உதவிப் பேராசிரியர் பதவிதான்.

1925-ல் பெட்ரோலில் காரீயம் கலப்பது பற்றி வாஷிங்டனில் மாநாடு கூடியது. வேண்டாம் என்று அவர் வாதாடினார், எடுபடவில்லை. இந்தியாவில் அந்தப் பெட்ரோல் 2000-ல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல்.

ஆலைத் தூசி அடங்கினாலும், அங்கே செய்த வெள்ளைக் காரீயம் பெயிண்டாகி வீடுகளுக்குள் போய்க்கொண்டே இருந்தது. வராந்தாக் கம்பிப் பெயிண்டினால் குழந்தைகள் நோயுறுவதை ஆஸ்திரேலிய டாக்டர் லாக்ஹார்ட் கிப்சன் 1904-லேயே எழுதியிருந்தார். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் அதைத் தடுத்தது 1978-ல். ஆலிஸ் அதைப் பார்க்கவில்லை. 1970 செப்டம்பரில், 101-வது வயதில் காலமானார்.

நம் நாட்டில் பெயிண்டில் காரீயத்துக்கு வரம்பு கட்டும் விதி 2016-ல்தான் வந்தது. அதற்கு முன் பூசிய கதவு ஜன்னல்களில் பழைய பூச்சு அடியில் இருக்கலாம். அதை உலர்ந்தபடியே தேய்த்தால் தூசி பறக்கும். நனைத்துவிட்டுச் சுரண்டுவது நல்லது. அந்த நேரத்தில் குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். வேலை உடுப்பையும் வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.