ஜி.டி.நாயுடுவின் மோட்டாரும் நம் வீட்டு எர்த் கம்பியும்



நம்மில் பலர் தினமும் ஏறி இறங்கும் அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். போன மாதம் நம் சம்ப் மோட்டாரைத் தொட்ட காவலாளிக்குச் சுர்ரென்று ஷாக் அடித்தது. நல்லவேளை, கையை உதறித் தப்பினார். மோட்டாரிலிருந்து மண்ணுக்குப் போகும் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அதனால் இந்த இதழில் மோட்டாரோடு சேர்த்துப் பேசப்படும் அந்த மனிதரின் கதை.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஊருக்கு வந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிள் மேல் ஆசை வந்தது. கோவையில் ஓட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஓட்டிப் பார்த்ததோடு விடவில்லை. முழுதாகக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டினார். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அந்தப் பழக்கம்தான் அடிப்படை.

1920-ல் ஒரே ஒரு பேருந்தை பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அந்தக் காலத்தில் நம் கொங்குக் காடுகளில் தண்ணீர் என்றால் கவலை ஏற்றம்தான். ஆழக் கிணற்றிலிருந்து மாடுகள் இழுத்தால்தான் வயலுக்கு நீர். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. மோட்டார்களோ வெளிநாட்டிலிருந்து வந்தன. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து ஜி.டி.நாயுடு இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார். இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பீளமேட்டைச் சுற்றி மோட்டார், பம்ப்செட் தொழில் தழைத்தது. கிணற்று மேட்டில் மாடுகள் நின்ற இடத்தில் மோட்டார் வந்து நின்றது.

ஆனால் கிணற்று மேடு ஈரமான இடம். ஷாக் அடிப்பதற்குத் தோதான இடமும் அதுதான். ஏன்?

மின்சாரம் ஓடச் சுற்று முழுமையாக வேண்டும். டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பியை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். மோட்டாருக்குள் காயில் இன்சுலேஷன் பழுதானால் ஃபேஸ் மின்சாரம் வெளி இரும்புக் கூட்டுக்கு வந்துவிடும். தரையில் நின்று அதைத் தொடுபவரின் உடல் வழியாக அது மண்ணுக்கு இறங்கி டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும். ஈர உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். அதில் சிறு பங்கே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும்.

எர்த் கம்பி சரியாக இருந்தால், கூட்டுக்கு வந்த மின்சாரம் தடை குறைந்த அந்த வழியே பெருமளவில் ஓடும். எம்.சி.பி. விழுந்துவிடும். எர்த் குழியின் தடை கூடிவிட்டால் எம்.சி.பி. விழாமலும் போகலாம். அங்கேதான் ஆர்.சி.சி.பி. உதவும். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசப்பட்டாலே அது துண்டித்துவிடும்.

ஜி.டி.நாயுடு செய்த ரேசண்ட் சவர இயந்திரம் பேட்டரியில் ஓடியது. அதன் வோல்ட் மிகக் குறைவு. சுற்றும் மண்ணைத் தொடுவதில்லை. அதனால் அந்த ஆபத்தில்லை. நம் கீசரும் வாஷிங் மெஷினும் அப்படியல்ல.

1945-ல் அவருடைய முயற்சியில் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நீண்ட படிப்பைவிடக் கைவேலைப் பயிற்சியையே அவர் பெரிதாக நினைத்தார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அவர் சேர்த்த பொருள்களை அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துப் பயன்படுத்தாதீர்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். குழாயில் லேசாகச் சுர்ரென்றாலும் கீசரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள்.

சம்ப் மோட்டாருக்குப் புதிய எர்த் கம்பி போட்டாயிற்று. வீட்டு எர்த்தைச் சோதிக்க விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.