உயிரருமை உணர்த்திய சமந்தபத்திர ஆசாரியர்

ஸ்ரீ சமந்தபத்திர ஆசாரியர் அரசகுமாரராகத் தோன்றிய உரகபுரம், பெரம்பலூர் அரியலூர்ப் பகுதிகளுக்கு அண்மையிலுள்ள உறையூரே என அறிஞர் பலர் கருதுவர். அரசைத் துறந்து திகம்பரத் துறவு பூண்ட அப்பெருமானைப் பஸ்மகம் என்னும் தீராப் பசிநோய் பற்றிற்று. விரதம் குலையுமுன் சல்லேகனை ஏற்க விழைந்து குருவின் இசைவை வேண்டினார்.

குருவோ இசைந்திலர். அவரால் அறம் தழைக்க வேண்டியிருத்தலின், துறவுக்கோலத்தைச் சிலகாலம் நீக்கியேனும் நோய் தீர்த்துக்கொள்ளுமாறு பணித்தார். ஆசாரியரும் வேற்றுக்கோலத்தில் ஊர்தோறும் சென்று, சிவாலயமொன்றின் படையலை உண்டு நலம் பெற்றார். அங்கு அவர் சுயம்பு ஸ்தோத்திரம் பாடுகையில் எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபரின் திருவுருவம் வெளிப்பட்டது என்பது மரபு. பின் மீண்டும் துறவேற்றார்.

அவர் 150 சுலோகங்களில் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமே தமிழில் அருங்கலச்செப்பாக வழங்குகிறது. உலகம் தாழ்ந்த குலமென ஒதுக்கியவனும் நற்காட்சி உடையனாயின் தேவனுக்கு ஒப்பாவான் என்றும், அறத்தினால் நாயும் தேவனாகும் என்றும் அந்நூல் உணர்த்துகிறது. சல்லேகனையும் பரிகாரமற்ற துன்பம் நேர்ந்தபோதே தகும் என்று வரையறுக்கிறது.

எறும்புக்கும் இரங்கும் நாம், நோயிலும் தளர்விலும் நம் உயிரை எளிதென எண்ணலாகாது. பிறவுயிரில் உறையும் ஆன்மாவே நம்முள்ளும் ஒளிர்வதைப் போன்றதன்று இது. ஒவ்வோர் ஆன்மாவும் தனித்தனியே அளவிலா ஞானத்திற்கு உரியது. அவ்வுரிமை நமக்கும் உண்டென அறிந்து, ஆசாரியரின் திருவடி போற்றுவோமாக.