கேணல் லெக்கும் இரு மரங்கொத்திகளும்

ஈழத்துப் பறவைகளை ஆராயப் புகுவோர் எவரும் வில்லியம் வின்சென்ட் லெக் என்னும் பெயரைக் கடந்து செல்லுதல் இயலாது. ஆயினும் நம் தமிழ் மாணாக்கருள் அப்பெயரைக் கேட்டோர் மிகச் சிலரே. புத்தளக் கரையில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இது பெருங்குறையாகவே தோன்றுகிறது.

லெக் 1841ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் தஸ்மேனியத் தீவிலே கலன்ஸ்வூட் என்னுமிடத்திற் பிறந்தார். ஐரோப்பாவிற் கல்வி கற்று, 1862இல் பிரித்தானிய அரச பீரங்கிப் படையில் அதிகாரியானார். 1868இல் இலங்கைக்கு வந்தார். பீரங்கிக்கும் பறவைக்கும் என்ன உறவு என்று நகைக்கத் தோன்றும். ஆனால், கடமை ஒழிந்த நாட்களையெல்லாம் காடுமேடு திரிந்து பறவைகளை ஆராய்வதிலேயே அவர் கழித்தார். அக்காலத்து ஆய்வாளரைப் போலவே துப்பாக்கியாற் சுட்டுச் சேகரித்துத்தான் பறவைகளை வகுத்தார் என்பதை இன்று என் மனம் ஒப்பவில்லை. எனினும், அந்தச் சேகரம் இல்லையேல் அவருடைய நூலும் இல்லை.

1877இல் இலங்கையை விட்டு நீங்கியபின், இலங்கைப் பறவைகளின் வரலாறு என்னும் பெருநூலை 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக இலண்டனில் வெளியிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். டச்சு ஓவியர் கூலெமன்ஸ் வரைந்த வண்ணப் படங்கள். சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் அதிற் காணலாம். மரங்கொத்தியை நம்மவர் தச்சன்குருவி என்றும் வழங்குவர். அலகை உளியாகக் கொண்டு மரத்தைச் செதுக்கும் பறவைக்கு இதனினும் பொருத்தமான பெயர் எம்மொழியில் உண்டோ, அறியேன்.

இனி, அம்மரங்கொத்தியின் வழக்கைக் கேளுங்கள். சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் என நீளும் நம் கரையெங்கும் தென்னந்தோப்புகள். தெற்கே அவற்றில் வாழும் மரங்கொத்தியின் முதுகு செந்நிறம். வடக்கே யாழ்ப்பாணத்தில் அதே உருவுடைய பறவையின் முதுகோ பொன்னிறம். இரண்டிற்கும் அலகு கரியது. கறுத்த தொண்டையில் வெண்புள்ளிகள் உண்டு. (ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டிலும் வாழும் பெரிய செம்முதுகு மரங்கொத்தியை இதனோடு மயங்கற்க. அதற்கு அலகு தந்தம் போல் வெளிறியது, கண்ணும் வெளிறியதே.) வடக்குப் பறவையின் எல்லை ஏறக்குறையப் புத்தளம், கெக்கிராவை, திருகோணமலை என்னும் ஊர்களை இணைக்கும் கோடு. அக்கோட்டை அடுத்த நிலத்திலோ செம்மையும் பொன்மையும் கலந்த இடைநிறத்தனவும் தென்படும்.

இவை ஓரினமா, ஈரினமா? லெக் தம் நூலில் இரண்டினையும் தனித்தனி இனங்களாகவே வைத்தார். பின்வந்த அறிஞர் இடைநிறப் பறவைகளைக் கண்டு அப்பிரிவை ஏற்றிலர். 1944இல் விஸ்லர் என்பார் வடக்குப் பறவைக்கு யாழ்ப்பாணத்தின் பெயரையே சூட்டினார். ஆயினும் அதனைச் சிற்றினமாகவே கொண்டார். இந்தியாவெங்கும் பரவிய ஒரே இனத்தின் இரு கிளைகளாக இரண்டும் நெடுங்காலம் எண்ணப்பட்டன. செம்முதுகுப் பறவை இலங்கைக்கே உரியது என்னும் பெருமை இவ்வாறு ஏட்டளவில் மறைந்தது.

லெக் இவ்வழக்கின் முடிவைக் கண்டாரல்லர். 1883இல் தஸ்மேனியாவுக்கு மீண்டு அந்நாட்டுப் படைக்குத் தலைமை தாங்கினார். 1901இல் தோன்றிய ஆஸ்திரேலியப் பறவையியற் சங்கத்தின் முதல் தலைவருமானார். 1918 மார்ச்சில், பிறந்த கலன்ஸ்வூட்டிலேயே மறைந்தார். அத்தீவின் இரண்டாவது உயர்ந்த சிகரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்து 98 ஆண்டுகள் சென்றபின், 2016இல், இலங்கை, கனடா ஆய்வாளர்கள் இப்பறவைகளின் நிறத்தையும் அளவையும் மரபணுவையும் ஒருங்கே ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். செம்முதுகு மரங்கொத்தி தனியினமே; வேறெந்நாட்டிலும் இல்லாதது. இடைநிறத்தன இரண்டும் சந்திக்குமிடத்திற் பிறந்த கலப்புப் பறவைகள்.