கப்பல் ஏறிப் போகாத ஆசிரியர்: ஹரி குரோ பக்

இம்மலரில் எமது அதிபர்களைப் பற்றியும் ஆசிரியைகளைப் பற்றியும் பலர் எழுதுவார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டவர் எமது பாடசாலை வாசலை ஒருநாளும் மிதிக்காதவர். ஆறாம் வகுப்பில் எமது கையில் பந்தைத் தந்து, எந்தக் காலை முன்னே வைத்து எறிய வேண்டும் என்று சொல்லித் தந்தவர் எமது பீ.ரீ. ரீச்சர். அப்படி ஒரு பாடத்தை முறையாகப் படிப்பிக்கலாம், அதைப் படிப்பிக்கவென்றே ஒருவரைப் பயிற்றலாம் என்ற எண்ணம் எமது பக்கத்தில் எங்கே வேர் விட்டது என்று தேடிப் போனால், சென்னை சைதாப்பேட்டையில் ஓர் அமெரிக்கரிடம் போய் நிற்போம். அவர் பெயர் ஹரி குரோ பக்.

அந்தப் பாடத்தை எம்மோடு படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெடுந்தீவின் காற்றும், கல்வேலிக்குள் அடங்கிய மைதானமும், மணல் நிரப்பிய நான்கு சாக்குகளும்தான் எமது விளையாட்டரங்கு. தொண்ணூறுகளில் ரெனிஸ் பந்து ஒன்று கரையிலிருந்து வந்து சேர்வது பெரிய காரியம். அது கல்வேலியைத் தாண்டினால் விளையாட்டு நின்றுவிடும். முழு வகுப்பும் தேடப் போகும். பந்து இல்லாத மாதங்களில் துணிக் கிழிசலைச் சுற்றி வலை நூலால் கட்டிய பந்து. எல்லேயா, சொப்ட்போலா, பேஸ்போலா என்று எமக்குப் பேதம் தெரியாது. ரீச்சருக்குத் தெரியும். எல்லேயில் தன் கட்சிக்காரியே பந்தைப் போட்டுத் தருவாள், அடிக்க மூன்று வாய்ப்பு உண்டு. சொப்ட்போலில் எதிர்க்கட்சிக்காரி கையைக் கீழால் வீசி எறிவாள், அவள் எம்மை ஏமாற்றத்தான் எறிவாள் என்று பிரித்துக் காட்டுவார். நம் ஊரில் மென்பந்து என்றால் எல்லாரும் கிரிக்கெட்டைத்தான் நினைப்பார்கள் என்பதால் சொப்ட்போல் என்ற பெயரையே அவர் விடாமல் சொன்னார்.

அவர் நேரே விளையாட விட்டதில்லை. முதல் இரண்டு கிழமை எறிதல் மட்டும். வலக்கையால் எறிபவள் இடத் தோளை இலக்குக்குக் காட்டிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இடக்காலை எடுத்து வைக்க வேண்டும். முழங்கை தோளளவுக்கு உயர வேண்டும். பந்து போன பிறகும் கை தொடர்ந்து கீழிறங்க வேண்டும். பிறகு ஏந்துதல்: நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வருவதற்கு நிலத்தைப் பார்க்க வேண்டும், பந்து படும்போது கை சற்றுப் பின்வாங்கி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அடித்தலுக்கு, இடுப்பளவு உயரத்தில் நட்ட கம்பின் தலையில் பந்தை வைத்து, அசையாத பந்தைத்தான் முதலில் அடிக்கப் பழக்கினார். நன்றாக விளையாடும் நாலு பேரைத் தெரிந்துகொண்டு மற்றவர்களை நிழலில் இருத்தும் வழக்கம் அவரிடம் இல்லை. வகுப்பில் ஆகவும் பயந்தவளுக்கும் பந்து வரும்.

இந்த விளையாட்டு இலங்கைக்கு முதலில் வந்த கதை வேறு. 1889 ஜனவரி 26 இல், உலகைச் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு அமெரிக்க பேஸ்போல் அணிகள் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடின. ஐந்து இன்னிங்ஸ், இரு பக்கமும் மூன்று ஓட்டம், வெற்றி தோல்வி இல்லை. கூட்டி வந்தவர் அல்பேர்ட் ஸ்போல்டிங். முன்னாள் பந்தெறி வீரர். அப்போது விளையாட்டுச் சாமான் வியாபாரி. பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க வரலாம், ஆட வரக்கூடாது என்ற கருத்துடையவர். 1911 இல் தாம் எழுதிய நூலில் அதைப் பதிவும் செய்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் அணிகள் கப்பலேறிப் போய்விட்டன. இலங்கையில் அதனால் எதுவும் முளைக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்கு யாரும் எறியச் சொல்லித் தரவில்லையே.

பக் அவர்கள் 1884 இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அதே 1884 இல்தான் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் பிராங்க் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் வை.எம்.சி.ஏ. மாணவர் சங்கத்தைத் தொடக்கினார். அந்தச் சங்கத்து மாணவர்கள் எமக்கு அயலிலுள்ள எழுவைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தையும் பார்த்து வந்தார்கள். ஆகவே வை.எம்.சி.ஏ. என்ற பெயர் தீவகத்துக்கு அந்நியமானதல்ல.

பக் படித்தது மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில், வை.எம்.சி.ஏ. இயக்கம் தன் உடற்பயிற்சி ஆசிரியர்களைத் தயாரித்த கல்லூரியில். அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தை உண்டாக்கியது அங்கேதான். அதிலிருந்துதான் எமது மாணவிகள் ஆடும் வலைப்பந்து கிளைத்தது. அங்கே படித்த வில்லியம் மோர்கன் 1895 இல் கரப்பந்தைக் கண்டுபிடித்தார். சொப்ட்போல் 1887 இல் சிக்காகோவில் ஒரு குத்துச்சண்டைக் கையுறையையும் துடைப்பக் கட்டையையும் வைத்து விளையாட்டாகப் பிறந்தது. அதற்கு இப்பெயர் 1926 இல் டென்வர் வை.எம்.சி.ஏ. உத்தியோகத்தர் ஒருவரால் கிடைத்தது. ஆக, எமது இல்ல விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சிநிரலில் பாதி, இந்த ஒரு சங்கத்தின் வீட்டுப் பிள்ளைகள்தான்.

முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு பக் சென்னைக்கு வந்தார். அன்று பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் வரிசையில் நிறுத்திக் கட்டளையிடுவதுதான். பிள்ளை கையைத் தூக்கும், இறக்கும். ஏன் என்று கேளாது. விளையாட்டு வேறு, அது கெட்டிக்காரப் பையன்களுக்கு மாலையில். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாடம் இருக்கிறது, அதைப் படிப்பிக்க ஆசிரியரும் படித்திருக்க வேண்டும் என்று பக் கண்டார். 1920 இல் ஒரு சில மாணவரோடு உடற்கல்விப் பயிற்சிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். தெற்காசியாவில் அதுவே முதலாவது. பின்னர் அது அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டைக்கு இடம் மாறி வளர்ந்து, வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி என்று இன்றும் நடக்கிறது.

வைத்தியர் என்ற முறையில் எம்மைக் கவர்வது அங்கே பயிற்றிய முறை. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் படிக்காமல் ஒருவரும் உடற்கல்வி ஆசிரியராக வெளியே வர முடியாது. எலும்பின் பெயரும் தசையின் வேலையும் தெரிந்தவருக்குத்தான் பிள்ளையின் முழங்கை ஏன் உயர வேண்டும் என்று தெரியும். அதோடு, மேல்நாட்டு விளையாட்டுகளை மட்டும் அவர் இறக்குமதி செய்யவில்லை. தண்டால், பைதக் போன்ற உள்நாட்டுப் பயிற்சிகளையும் யோகாசனங்களையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டு வந்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். சென்னை அரசு பாடசாலை உடற்பயிற்சி பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டது. மிஷன் ஊழியர் ஒருவரின் வேலையில் மதமும் மேலைநாட்டுப் பெருமிதமும் கலந்திருக்குமே என்று கேட்பவர்களுக்கு, கலந்துதான் இருந்தது என்பதே எமது பதில். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அவர் விட்டுப் போனது மதம் அல்ல.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஏழு மெய்வல்லுநர்களும் ஏழு ரெனிஸ் வீரர்களும் அடங்கிய இந்திய அணிக்கு முகாமையாளராகப் போனவரும் இவரே. அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். எமக்கு அது இரண்டாம் பட்சம்.

சைதாப்பேட்டையில் யாழ்ப்பாணத்தவர் பலரும் போய்ப் படித்து வந்தார்கள். தனுஷ்கோடிக் கப்பல் ஓடிய காலத்தில் அது கொழும்புக்குப் போய் வருவதைவிடப் பெரிய பயணமாக யாருக்கும் படவில்லை. திரும்பி வந்தவர்கள் குடாநாட்டுக் கல்லூரிகளில் உடற்பயிற்சி ஆசிரியர்களானார்கள். அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த தலைமுறையைப் படிப்பித்தார்கள். நாற்பதுகளின் தொடக்கத்தில், பக் உயிரோடிருக்கும்போதே, அக்கல்லூரியின் கதவு பெண்களுக்கும் திறந்தது. அன்று அது சிறிய காரியமல்ல. ஸ்போல்டிங் பார்வையாளர் வரிசையில் இருத்தி வைத்த பெண், ஆசிரியையாக மைதானத்தின் நடுவுக்கு வந்தாள்.

பெண் பிள்ளைக்கு எறிய வராது என்று இன்றும் சொல்வார்கள். ஒரு பையனிடம் இடக்கையால் எறியச் சொல்லிப் பாருங்கள். பழகாத பெண் பிள்ளை எறிவது போலவேதான் எறிவான். குறை கையில் இல்லை, பழக்கத்தில். அந்தப் பழக்கத்துக்கான வயது பதினொன்றிலிருந்து பதினான்கு. எமது பெண்கள் ஓட்டத்தை நிறுத்துவதும் அதே வயதில்தான். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், வளர்ந்த உடலுக்குரிய எலும்புத் திண்மத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பாய்வதும் ஓடுவதும் எறிவதும் அந்தச் சேமிப்புக்கு உதவுகின்றன. எம்மிடம் வரும் ஐம்பது வயது அம்மாமார்களிடம் கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்று கேட்டால் சிரித்துவிட்டு, ஏழாம் எட்டாம் வகுப்பில் என்பார்கள். எலும்பு தேய்ந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் சிரிக்க வேண்டியிருக்கிறது.

பக் அவர்கள் 1943 ஜூலையில் காலமானார். கால் நூற்றாண்டு அளவு அவர் தங்கியிருந்தார்.

எமது தீவில் இன்று நிலைமை வேறு விதம். கரையிலிருந்து வரும் ஆசிரியை காலையில் குறிகட்டுவானில் படகேறி, இரண்டாம் பாடவேளைக்கு வந்து சேர்வார். மாலைப் படகு போவதற்குள் இறங்குதுறைக்கு ஓட வேண்டும். கடல் கொந்தளித்தால் வரவே முடியாது. பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் நின்று பழக்க அவருக்கு மனம் இருந்தாலும் படகு இல்லை. அவரைக் குறை சொல்ல எமக்கு வாய் வராது. நாமும் படிப்பு முடித்துக் கரையில் தங்கிவிட்டவர்கள்தானே.

நூற்றாண்டை ஒட்டி விளையாட்டுப் பகுதிக்கு என்ன செய்யலாம் என்று சங்கச் செயற்குழு எம்மிடம் கேட்டது. சொப்ட்போல் மட்டை, கையுறை, இறப்பர் தளங்கள் என்று பட்டியல் ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. அதை நாம் வெட்டவில்லை. மேலே ஒரு வரி மட்டும் சேர்த்துக் கொடுத்தோம்: உடற்கல்வி ஆசிரியை திங்கள் முதல் வியாழன் வரை இரவு தங்குவதற்கு, கதவுக்குப் பூட்டும் கிணற்றடியும் உள்ள ஓர் அறை.