அண்ணலாரை வளர்த்த அன்னை

அனாதைக் குழந்தைகளை ஆதரிப்பது எத்துணை உயர்ந்த அறம் என்பதைப் பன்முறை கேட்டிருக்கின்றீர்கள். அந்த அறத்தை நாள்தோறும் தம் இல்லத்தில் நிறைவேற்றிய ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சற்றே நோக்குங்கள். அவர்களே அன்னை ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தை அப்துல்லாஹ் காலமானார். ஆறாம் வயதில் அன்னை ஆமினா அப்வா என்னும் இடத்தில் உயிர் நீத்தார். எட்டாம் வயதில், கி.பி. 578-ஐ ஒட்டிப் பாட்டனார் அப்துல் முத்தலிபும் மறைந்தார். அதன்பின் பெரிய தந்தை அபூதாலிப் அவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்துக்கொண்டார். அபூதாலிபின் துணைவியாரே ஃபாத்திமா.

அபூதாலிப் குறைஷியருள் மதிப்பு மிக்கவர். செல்வம் மிக்கவர் அல்லர். குடும்பமோ பெரிது. எனினும் அம்மையார் தாம் பசித்திருந்து அச்சிறுவரின் பசி தீர்த்தார்கள். தமக்கு ஆடை குறைந்தபோதும் அவருக்கு உடுத்தினார்கள் என அறிவிப்புகள் கூறுகின்றன. திருமறையின் 93-ஆம் அத்தியாயம், நபிகளாருக்கு இறைவன் செய்த பேருதவிகளுள் முதலாவதாக, அனாதையாயிருந்தபோது புகலிடம் அளித்ததைக் குறிப்பிடுகின்றது. அப்புகலிடத்தின் அடுப்பை எரித்த கரங்கள் இந்த அம்மையாருடையவை அல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அத்தனை அன்பிற்கு இடையிலும் அச்சிறுவர் அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்றே அறியப்பட்டார். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது பின்னர் திருமறையின் 33-ஆம் அத்தியாயத்தில் சட்டமாகவே வந்தது. பிள்ளையை வளர்க்கலாம், அதன் வேரை மறைத்தல் ஆகாது.

நபிகளார் 25-ஆம் வயதில் அன்னை கதீஜா (ரலி) அவர்களை மணந்து தனிக் குடும்பம் அமைத்தார்கள். சில ஆண்டுகளில் மக்காவைப் பஞ்சம் வாட்டியது. அபூதாலிபின் சுமையைக் குறைக்க எண்ணிய நபிகளார், அவருடைய இளைய மைந்தர் அலீ (ரலி) அவர்களைத் தம் பொறுப்பில் ஏற்றார்கள். அப்பாஸ் அவர்கள் ஜஃபரை ஏற்றார்கள். அம்மையார் வளர்த்த பிள்ளை, அம்மையார் பெற்ற பிள்ளையை வளர்த்த பேறு இது!

பின்னர் அம்மையார் இஸ்லாத்தை ஏற்று மதீனாவிற்கு ஹிஜ்ரத் செய்தார்கள். அங்கே மகன் அலீயின் இல்லத்தில், மருமகள் ஃபாத்திமா (ரலி) அவர்கள் மாவரைத்து ரொட்டி சுட, மாமியார் தண்ணீர் சுமந்து வெளிவேலைகளைப் பகிர்ந்து கொண்டார்கள் எனக் கூறப்படுகின்றது.

அம்மையார் மதீனாவிலேயே மறைந்தார்கள். நபிகளார் தம் சட்டையையே கபனாக அளித்தார்கள் என்றும், கப்ரில் தாமே இறங்கிப் படுத்து எழுந்து, அவர்களுக்காகத் துஆச் செய்தார்கள் என்றும், அபூதாலிபிற்குப் பின் தமக்கு அவர்களைப் போல் நன்மை செய்தவர் எவருமிலர் எனத் தோழர்களிடம் தெரிவித்தார்கள் என்றும் அறிவிப்புகள் உரைக்கின்றன. உடுத்தி வளர்த்த அன்னைக்கு, வளர்ந்த பிள்ளை இறுதி ஆடை உடுத்திய காட்சி அது.

ஆண்டுக்கொருமுறை அனாதைக்குப் புத்தாடை வழங்குவது எளிது. தம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்த்தி, ஒரே தட்டில் உணவளித்து, ஆண்டுக்கணக்கில் வளர்ப்பது அரிது. உங்கள் சுற்றத்திலும் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள் உங்கள் வாசலில் நிற்கும்போது, வருவாய் போதுமா என்று தயங்குமுன், இந்த அம்மையாரை நினைவு கூருங்கள். அவர்கள் இல்லத்திலும் வருவாய் குறைவாகவே இருந்தது.