கண்டதே சான்று

நுழையும்முன்

முன்னோர் எழுதியதைக் கற்பது கல்வியின் தொடக்கம். கற்றதைக் கண்முன் உள்ள பொருளோடு ஒப்பிட்டு ஆராய்வது அதன் வளர்ச்சி. அவ்வாய்வில் பிறர் பிழையைக் காண்பது எளிது. தம் பிழையைக் கண்டு அதனை உலகறியக் கூறுவது அரிது. அவ்வரிய செயலைச் செய்த ஒரு மருத்துவ அறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஆந்திரேயாஸ் வெசாலியஸ் 1514ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள், இன்றைய பெல்ஜிய நாட்டின் தலைநகராகிய பிரசெல்சில் பிறந்தார். மருத்துவம் அவருடைய குடும்பத்தில் வழிவழியாக வந்த தொழில். பாட்டனார் அரச மருத்துவர். தந்தையார் பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு மருந்து ஆக்கித் தந்தவர். சிறு உயிரினங்களை அறுத்து அவற்றின் உள்ளமைப்பை ஆராயும் ஆர்வம் வெசாலியசுக்கு இளமையிலேயே இருந்தது.

லூவேன் பல்கலைக்கழகத்தில் பயின்றபின், 1533ஆம் ஆண்டு மருத்துவம் கற்கப் பாரிசு சென்றார். அந்நாளில் மருத்துவக் கல்வி என்பது கேலனின் நூல்களைக் கற்பதாகவே இருந்தது. கிரேக்க மருத்துவரான கேலன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்தவர். அவர் கூற்றுகள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மறுக்க முடியாத சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. உடற்கூறு வகுப்பில் பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலை வாசிப்பார். நாவிதர் ஒருவர் கீழே நின்று உடலை அறுப்பார். வாசிப்பவர் உடலைத் தொடுவதில்லை; அறுப்பவர் நூலை அறிவதில்லை. மாணவர்கள் தொலைவில் நின்று இரண்டையும் அரைகுறையாக அறிந்தனர்.

வெசாலியசுக்கு அது போதவில்லை. பாரிசு நகர இடுகாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளை நண்பர்களுடன் தேடி ஆராய்ந்தார். கண்களைக் கட்டிக்கொண்டு, கையில் கொடுக்கப்படும் எலும்பு எதுவெனத் தடவிப் பார்த்தே சொல்லும் தேர்ச்சி பெற்றார். போரின் காரணமாக 1536இல் லூவேனுக்குத் திரும்பியபோது, ஊருக்கு வெளியே தூக்குமரத்தில் தொங்கிய குற்றவாளி ஒருவனின் எலும்புக்கூட்டைக் கண்டார். பறவைகள் தசையைத் தின்றுவிட்டிருந்தன. அவ்வெலும்புகளை மறைவாகப் பல முறை சென்று கொணர்ந்து, முழுக் கூடாகப் பொருத்தினார். ஊரார் ஐயுறாதிருக்க, அதனைப் பாரிசிலிருந்து கொண்டு வந்ததாகக் கூறினார்.

பாதுவாவில் பேராசிரியர்

இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் 1537ஆம் ஆண்டு திசம்பர் 5ஆம் நாள் வெசாலியஸ் மருத்துவப் பட்டம் பெற்றார். மறுநாளே அறுவை மருத்துவமும் உடற்கூறும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுகூட நிறையவில்லை. உயர்ந்த இருக்கையை விட்டு இறங்கி, கத்தியைத் தாமே கையில் எடுத்தார். அறுத்துக்கொண்டே விளக்கினார், விளக்கியதை வரைந்து காட்டினார். மரண தண்டனை பெற்றோரின் உடல்கள் அவருக்குக் கிடைக்க நீதிபதி ஒருவர் உதவியதால், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வளர்ந்தது.

அந்த ஒப்பீட்டில் ஐயம் பிறந்தது. நூலில் உள்ளது உடலில் இல்லை. உடலில் உள்ளது நூலில் இல்லை. 1540ஆம் ஆண்டு பொலோனா நகரில் மனித எலும்புக்கூட்டையும் குரங்கின் எலும்புக்கூட்டையும் அவர் அருகருகே நிறுத்தினார். கேலன் விவரித்த முதுகெலும்பின் ஒரு புடைப்பு குரங்கில் இருந்தது, மனிதனில் இல்லை. கேலன் ஆராய்ந்தவை குரங்கு, பன்றி, மாடு ஆகிய விலங்குகளின் உடல்கள் என்பது தெளிவாயிற்று. மனித உடலை அறுப்பதற்கு உரோமாபுரியில் இசைவு இல்லாததால், விலங்குகளில் கண்டதை அவர் மனிதனுக்கும் பொருத்தியிருந்தார்.

மண்டையோடு சொன்ன உண்மை

இவ்வேறுபாடுகள் மண்டையோட்டில் மிகத் தெளிவாகப் புலப்பட்டன. கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்று கேலன் எழுதியிருந்தார். நாயின் தாடையில் அது உண்மை. வளர்ந்த மனிதர்களின் மண்டையோடுகளைத் தொடர்ந்து ஆராய்ந்த வெசாலியஸ், கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று நிறுவினார். மேல்தாடையில் முன்பற்களைத் தாங்கும் தனி எலும்பைப் பிரிக்கும் பொருத்துவாய் நாயின் முகத்தில் தெரியும். வளர்ந்த மனிதனின் முகத்தில் தெரியாது. இதனை உணர்த்த, நாயின் மண்டையோட்டின் மேல் மனித மண்டையோட்டை வைத்து வரைந்த படத்தைத் தம் நூலில் சேர்த்தார்.

தெரிந்து தெளிவோம்: மனித மண்டையோட்டில் 22 எலும்புகள் உள்ளன. மூளையைக் காப்பவை 8. முகத்தை ஆக்குபவை 14. இவற்றுள் எளிதில் அசையக்கூடியது கீழ்த்தாடை மட்டுமே. பிறக்கும்போது இரு பாதிகளாக இருக்கும் கீழ்த்தாடை, குழந்தையின் முதல் ஆண்டில் ஒன்றாக இணைகிறது.

மண்டையோட்டின் அடித்தளத்தையும் அவர் கூர்ந்து நோக்கினார். மேல்தாடைக்குப் பின்னும் கீழ்த்தாடைக் கிளையின் உட்புறமுமாக, மெல்லும் தசைகளும் நரம்புகளும் சிரைப்பின்னலும் நிறைந்த ஆழமான இடைவெளி ஒன்று உண்டு. அதன் கூரையாக அமைந்தது ஆப்பு வடிவ எலும்பு. அவ்வெலும்பில் மிகச் சிறிய துளை ஒன்றை வெசாலியஸ் கண்டார். எல்லா மண்டையோடுகளிலும் காணப்படாத அத்துளை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் வழியே செல்லும் நுண்சிரை, முகத்தின் ஆழ்பகுதிச் சிரைகளை மண்டையோட்டின் உட்புறச் சிரைக்குழியுடன் இணைக்கிறது. மேல்தாடைப் பல்லில் தோன்றும் சீழ், முகத்தின் ஆழ்வெளிகளில் பரவினால் மூளையருகே சென்று உயிருக்கே இடராக முடியும். அவ்வாறு நோய் ஏறும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பதைப் பிற்கால மருத்துவம் அறிந்தது. ஊசிமுனையளவு துளையையும் புறக்கணிக்காத பார்வையின் பயன் இது.

தம் பிழையைத் தாமே உரைத்தல்

மூளையின் அடியில் அற்புத வலை என்னும் நுண்குழாய்ப் பின்னல் இருப்பதாகவும், உயிராற்றல் அங்கே அறிவாற்றலாக மாறுவதாகவும் கேலன் கூறியிருந்தார். 1538இல் வெளியிட்ட உடற்கூறுப் படங்களில் வெசாலியசும் அவ்வலையை மனிதனுக்கு உரியதாக வரைந்தார். மனிதத் தலையில் அது புலப்படாதபோது, ஆட்டின் தலையையோ மாட்டின் தலையையோ உடன் வைத்து மாணவர்க்குக் காட்டியும் வந்தார். கண் மறுத்ததை, கேலன்மீது கொண்ட மதிப்பு ஏற்கச் செய்தது.

ஐந்தே ஆண்டுகளில் அம்மயக்கம் நீங்கியது. மனிதனுக்கு அவ்வலை இல்லை என்று எழுதினார். அதனோடு நில்லாமல், தாமும் அவ்வாறு நம்பிக் காட்டி வந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தம் அறியாமையைத் தாமே கடிந்துகொண்டார். அவர் வாயைத் திறவாமலே இருந்திருக்கலாம். கேலனின் புகழே அவருக்குக் கேடயமாக நின்றிருக்கும். அக்கேடயத்தை அவர் தாமே கீழே வைத்தார்.

காலத்தை வென்ற நூல்

இவ்வாய்வுகளின் தொகுப்பாக, மனித உடலின் அமைப்பைப் பற்றிய ஏழு பகுதிகள் கொண்ட இலத்தீன் நூல் 1543ஆம் ஆண்டு வெளிவந்தது. வெனிசு நகரில் செதுக்கப்பட்ட படக்கட்டைகள் ஆல்ப்சு மலையைக் கடந்து, சுவிட்சர்லாந்தின் பேசல் நகர அச்சகத்தை அடைந்தன. நூலின் முதல் பகுதி எலும்புகளைப் பற்றியது. கல்லறையின்மேல் கிடக்கும் மண்டையோட்டில் கைவைத்துச் சிந்தித்து நிற்கும் எலும்புக்கூட்டின் படம் இந்நூலில் உள்ளது. அப்போது நூலாசிரியரின் வயது இருபத்தெட்டு. கோப்பர்நிக்கஸ் விண்ணைப் பற்றிய புதுக்கருத்தை வெளியிட்ட ஆண்டும் அதுவே. அவ்வாண்டில் பேசலில் வெசாலியஸ் பொருத்திய மனித எலும்புக்கூடு இன்றும் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

எதிர்ப்பும் அரண்மனை வாழ்வும்

நூலுக்குப் புகழோடு பகையும் வந்தது. பாரிசில் அவருக்குக் கற்பித்த சில்வியசே கடுமையாக எதிர்த்தார். கேலன் தவறவில்லை, அவர் காலத்துக்குப்பின் மனித உடலே மாறிவிட்டது என்று வாதிட்டார். மாணவரைப் பித்தர் என்று பொருள்படப் பெயர் திரித்தும் எழுதினார். மனம் நொந்த வெசாலியஸ், பேரரசரிடம் மருத்துவராகச் சேரப் புறப்பட்டபோது, தம் குறிப்புகள் பலவற்றைத் தீயிலிட்டார். எனினும் ஆய்வை முற்றும் கைவிடவில்லை. 1555இல் திருத்திய பதிப்பை வெளியிட்டார். பின்னர்ப் பாதுவாவில் கற்பித்த ஃபலோப்பியோ, வெசாலியசின் நூலிலும் குறைகள் உள்ளன என்று சுட்டியபோது, அவர் சினம் கொள்ளாமல் மதிப்புடன் விடை எழுதினார். கேலனுக்குப் பயன்படுத்திய அளவுகோலைத் தமக்கும் அவர் பொதுவாக்கினார்.

தலைக்காயங்களை அறிந்த மருத்துவராக அவர் பெயர் பரவியது. 1559இல் பிரான்சு மன்னர் இரண்டாம் ஹென்றி, ஈட்டிப் போட்டியில் சிம்பு பாய்ந்து கண்ணருகே காயமுற்றார். வெசாலியஸ் பிரசெல்சிலிருந்து விரைந்தும் மன்னரைக் காக்க இயலவில்லை. இறந்தபின் ஆராய்ந்தபோது, மண்டையோடு முறியாமலே மூளை சிதைந்திருந்தது தெரிந்தது. 1562இல் ஸ்பெயின் இளவரசர் டான் கார்லோஸ் படிக்கட்டில் விழுந்து தலையில் காயமுற்றார். வீக்கம் முகமெங்கும் பரவி இரு கண்களும் மூடின. கண்களைச் சூழ்ந்த சீழ் வெளியேற்றப்பட்டபின் இளவரசர் பிழைத்தார். மருத்துவம் செய்த குழுவில் வெசாலியசும் இருந்தார்.

நிறைவு

1564இல் எருசலேமுக்குப் புனிதப் பயணம் சென்ற வெசாலியஸ், திரும்பும் வழியில் கிரேக்கத் தீவாகிய சாந்தேயில் மறைந்தார். ஐம்பது வயதும் நிறைவடையாத வாழ்வு அது. அவர் கல்லறை இருந்த இடமும் இன்று மறைந்துவிட்டது. ஆயினும் மருத்துவ மாணவர் ஒருவர் மண்டையோட்டைக் கையில் ஏந்தி, நூலையும் எலும்பையும் மாறி மாறிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் வகுத்த வழியிலேயே கற்கிறார். நூலும் பொருளும் முரண்படும்போது பொருளை மீண்டும் பார்ப்பதும், பார்த்தது தம் சொல்லையே பொய்யாக்கினும் அதனை உரைப்பதும் அறிவியலின் அறம். அவ்வறத்தைத் தம் வாழ்வால் நிலைநாட்டியவர் வெசாலியஸ்.