மேன்முறையீடு காத்த பெருமகனார்

1872-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களைக் கப்பலோட்டிய தமிழராகப் போற்றுகிறோம். அவர் வறியோரின் குற்ற வழக்குகளை ஏற்று வாதாடிய வக்கீலுமாவார்.

1908-ல் அவரே இராசத் துரோகக் குற்றத்துக்கு ஆளானார். செஷன்ஸ் நீதிமன்றம் இருபதும் இருபதுமாக 40 ஆண்டுகள் தீவாந்தர தண்டனை விதித்தது. அது நிலைத்திருப்பின் 1948 வரை நீண்டிருக்கும். மேன்முறையீட்டில் தண்டனை குறையவே, 1912-ல் விடுதலையுற்றார், 1936-ல் மறைந்தார். முதல் தீர்ப்பே முடிவன்று என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

இன்று, தடுப்புக் காவல் நீங்கலாக, கைதாவோர் காரணம் அறியவும், தாம் விரும்பும் வக்கீலை அமர்த்தவும், பயண நேரம் நீங்கலாக 24 மணிக்குள் மாஜிஸ்திரேட்முன் நிறுத்தப்படவும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு உரிமையளிக்கிறது. தமக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலை 20-ஆம் பிரிவு விலக்குகிறது. மொழி வேறான ஊரில் வாழும் நாம் இவற்றை அறிந்து, நம் மக்களுக்கும் உரைப்போமாக.